நூறு சைக்கிளும் ஒரு வரவு இடாப்பும்: படுவான்கரையில் ஒரு நிறுவனக் கொடையை அளந்த விதம்

கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்புக்கென்று ஒரு பக்கம். பாடசாலை மைதானத்தில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஆசனத்தில் சுற்றிய பொலித்தீன்கூட இன்னும் கழற்றப்படவில்லை. பின்னால் வெள்ளைச் சீருடையில் மாணவிகள், அவர்களுக்கும் பின்னால் நிறுவனத்தின் பெயர் பொறித்த பதாகை. படத்துக்குக் கீழே ஒரு வரி: மட்டக்களப்பு மாவட்டத்தில் 100 மாணவிகளுக்குத் துவிச்சக்கர வண்டிகள் வழங்கி வைக்கப்பட்டன, 100 குடும்பங்கள் பயனடைந்தன.

மறு வருடம் அதே திட்டத்துக்குத் திரும்பவும் காசு கேட்டபோது பணிப்பாளர் சபையில் ஒருவர், போன முறை கொடுத்ததால் என்ன நடந்தது என்று கேட்டார். பதில் சொல்ல அந்த 100ஐ விட்டால் கையில் வேறெதுவும் இல்லை. மதிப்பீட்டு வேலை அங்கேதான் தொடங்கியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு தனி நிறுவனத்தின் கதையல்ல. மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் இப்படியான கொடைகளைப் பின்தொடர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காண்பவற்றை ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறேன். அதனால் நிறுவனத்துக்கும் பாடசாலைகளுக்கும் பெயர் இல்லை. கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் வருபவை விளக்கத்துக்காக உருட்டிய எண்கள். வெளிநாட்டு ஆய்வுகளின் எண்கள் மட்டும் அந்தந்த ஆய்வில் உள்ளவை.

இடம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயல்பக்கம் படுவான்கரை. நகரம், பெரிய ஆஸ்பத்திரி, பெயர்பெற்ற பாடசாலைகள், ரியூசன் ஆசிரியர்கள் எல்லாம் பெரும்பாலும் கிழக்கில். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று மேற்கே போகப் போக வயலும் குளமும் இடையில் சிறு சிறு ஊர்களும். கல்வி நிர்வாகத்தில் இதன் பெரும்பகுதி மட்டக்களப்பு மேற்கு வலயத்துக்குள் வருகிறது. பல ஊர்ப் பாடசாலைகள் சாதாரண தரத்தோடு நின்றுவிடும். உயர்தரம், அதிலும் விஞ்ஞானப் பிரிவு என்றால் தூரம் போக வேண்டும். பிரதான வீதியில் பஸ் ஓடும். உள்வீதியில் கிரவல் அல்லது குளக்கட்டு. மார்கழி மழைக்குச் சில பாதைகள் நீருக்குள் போய்விடும். பொழுதுபட்டால் யானைப் பயம்.

ஆகவே சைக்கிள் கொடுப்போம் என்ற யோசனையில் பிழை ஒன்றும் இல்லை. இந்தியாவில் பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்த வயதுப் பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 வீதம் கூடியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 வீதம் குறைந்தது. சாம்பியாவில் நடந்த இன்னொரு ஆய்வில் சைக்கிள் கிடைத்த மாணவிகள் பாடசாலைக்கு வராத நாட்கள் 28 வீதம் குறைந்தன, போகும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானது.

கொழும்பு நிறுவனத்தின் முன்மொழிவிலும் பீகார் உதாரணம் இருந்தது. பீகாரில் பலன் எங்கே கிடைத்தது என்பதுதான் அதில் இல்லை. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் மாற்றம் பெரிதாக இருந்தது.

பட்டியல்

மதிப்பீட்டுக்குப் போனவர்கள் முதலில் சைக்கிள்களைத் தேடிப் போகவில்லை, பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். நிறுவனம் அதிபர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் “வறிய, திறமையான மாணவிகள்” என்று கேட்டிருந்தது. அதிபர்களும் கேட்டபடியே தந்தார்கள். புலமைப்பரிசிலில் சித்தியடைந்தவர்கள், தவணைப் பரீட்சையில் முதல் ஐந்துக்குள் வருபவர்கள், தந்தையை இழந்த பிள்ளைகள். தூரத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த முழு விடயத்திலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடிதம்தான். திறமையான பிள்ளையை ஊரும் வீடும் எப்படியாவது பாடசாலைக்கு அனுப்பிவிடும். மாமா மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவார். டீச்சரே வரும்போது கூட்டி வருவார். சைக்கிள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் வந்திருப்பாள். வராமல் நிற்கப்போகிறவள் வேறொருத்தி. குளத்துக்கு அப்பால் இருப்பவள், பத்தாம் ஆண்டில் கணிதம் ஓடாதவள், அம்மா வெளிநாட்டில், வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பவள். பரிசளிப்பு விழாவுக்குப் பெயர் தெரிவதுபோல் தெரிந்தால் இவள் பட்டியலுக்குள் வரமாட்டாள். அன்பளிப்பின் பலன் கடிதம் அனுப்பிய அன்றே பாதி கரைந்துவிட்டது.

கொடை இல்லாவிட்டாலும் வந்திருக்கும் பலனைத் தாக்க மதிப்பீட்டில் ‘எப்படியும் நடந்திருக்கும் பங்கு’ என்று கழிப்பார்கள். இங்கே தொண்டு நிறுவனப் பயிற்சிகளுக்குப் போய்வந்த எவரும் உள்ளீடு, வெளியீடு, விளைவு, தாக்கம் என்ற நான்கு படியை ஒப்பிப்பார்கள். போட்ட காசு உள்ளீடு, கொடுத்த சைக்கிள் வெளியீடு, பிள்ளையின் வரவு கூடியது விளைவு. அந்தக் கூடுதலில் சைக்கிளால் வந்தது எவ்வளவோ அதுதான் தாக்கம். ஆண்டறிக்கைகள் இரண்டாம் படியில் ஏறி நின்று நான்காம் படியின் பெயரைச் சொல்கின்றன. பிரித்தானிய நிறுவனங்கள் சில 1994இல் தொடங்கிய லண்டன் ஒப்பீட்டுக் குழுமத்தின் முறை, இன்று பி4எஸ்ஐ என்று வழங்குவது, இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் எதைப் போட்டோம், எது வெளிவந்தது, என்ன மாறியது என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறது.

இடாப்பு

வீடு வீடாகப் போய்ப் பெரிய கேள்விக்கொத்து நிரப்ப வேண்டும் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. அது தேவைப்படவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் வரவு இடாப்பு இருக்கிறது. நாளுக்கு ஒரு கட்டம், பிள்ளைக்கு ஒரு வரி, மாத முடிவில் கூட்டுத்தொகை, வகுப்பாசிரியரின் கையெழுத்து. மழையில் நனைந்து ஓரம் சுருண்ட பழைய இடாப்புகள்கூட அதிபரின் அலுமாரிக்குள் கிடந்தன. சைக்கிள் வருவதற்கு முந்திய வருடத்தின் நிலைமை, நிறுவனம் ஒரு சதம் செலவழிக்காமலே, அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இடாப்பிலிருந்து பெயர்களைப் பிரதி எடுக்கவில்லை. வகுப்பாசிரியரே எண்களை மட்டும் தாளில் எழுதித் தந்தார்: இத்தனையாம் இலக்கப் பிள்ளை, இத்தனை நாள். சிறுவர்களின் விபரம் கொழும்பு அலுவலகத்தின் கணினிக்குள் போக வேண்டிய தேவை இல்லை.

இடாப்பை வாசிப்பதற்கும் இந்த மண்ணின் காலக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி வரவை எடுத்து ஆனி, ஆடியோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் வெற்றித் திட்டமாகிவிடும், ஏனென்றால் முன்னதில் வெள்ளம். மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டு. சில வீடுகளில் மூத்த பிள்ளை வீட்டில் நின்றாக வேண்டும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேர் நாட்களில் அந்தப் பக்கம் முழுவதும் வரவு விழும். கோவிட்டுக்குப் பிறகு தவணைகளும் பரீட்சை மாதங்களும் இடம் மாறியதால் ‘போன வருடம் இதே மாதம்’ என்ற ஒப்பீடும் எப்போதும் சரிவராது. அதனால் ஒரே பாடசாலையில், ஒரே வகுப்பில், அதே வாரங்களில் சைக்கிள் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளம் வந்தால் இருவருக்கும் வரும்.

இந்தப் பக்க ஒப்பீடு ஏன் அவசியம் என்பதற்கு மண்முனைப் பாலத்தை நினைத்தால் போதும். 2014இல் அது திறக்கப்படும்வரை அங்கே வாவியைக் கடந்தவர்கள் பாதையை, அதாவது இயந்திரம் பூட்டிய மிதவையை, நம்பியிருந்தார்கள். அந்த வருடம் யாராவது கொக்கட்டிச்சோலைப் பக்கம் புத்தகப்பை பகிர்ந்துவிட்டு, ஆசிரியர் வரவு கூடிவிட்டது, பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தால், புத்தகப்பையின் கணக்கில் பாலம் ஏறியிருக்கும். மறுபக்கமும் உண்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றன, பாடசாலைகள் மூடின, சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியது. அந்த வருடத்தின் இடாப்பை மட்டும் பார்த்தால் நல்ல திட்டமும் தோற்றதாகத் தெரியும்.

இடாப்புக்கு ஒரு குறையும் உண்டு. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. எட்டேகாலுக்கு மூச்சிரைக்க வரும் பிள்ளைக்கும் வரவுதான். சைக்கிளால் முதலில் மாறுவது இந்தப் பிந்தி வருதல். அது எந்தக் கட்டத்திலும் விழுவதில்லை. முதலாம் பாடவேளை எடுக்கும் ஆசிரியர்களை வாரத்தில் ஒரு நாள் மட்டும் குறிக்கச் சொன்னார்கள்.

தெரியவந்தவை

பஸ் வீதியை அண்டிய ஊர்களில் சைக்கிள் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் வரவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உள்வீதி ஊர்களில் வித்தியாசம் இருந்தது, காலைப் பொழுதில் இன்னும் தெளிவாக. இவ்வளவும் எதிர்பார்த்ததே.

எதிர்பாராதது ஒரு மாணவியின் வாயிலிருந்து வந்தது. பஸ் ஓடும் ஊர். இடாப்பின்படி அவளுக்குச் சைக்கிளால் எதுவும் மாறவில்லை. ஆனால் சைக்கிள் தினமும் ஓடிய சைக்கிள்: பெடல் கட்டை தேய்ந்திருந்தது, கரியரில் புத்தகம் கட்டும் ரியூப் துண்டு இருந்தது. எங்கே போய் வருகிறாய் என்று கேட்டபோது, “ஸ்கூலுக்கு பஸ் இருக்கு சேர். பின்னேரம் கிளாசுக்குத்தான் ஒண்டும் இல்ல” என்றாள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மேலதிக வகுப்புகள் பாடசாலை விட்ட பிறகு. அந்த நேரத்து பஸ்ஸை நம்ப முடியாது. பொழுதுபடமுன் வீடு வந்து சேர வேண்டும். நடந்து போனால் முடியாது, சைக்கிளில் முடியும். கொடையின் பெரிய பலன் யாரும் அளக்க நினைக்காத பின்னேர நேரத்தில் இருந்தது. அதற்கு வரவு இடாப்பு கிடையாது. வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் கட்டணக் கொப்பிதான் ஒரே சாட்சி.

அடுத்தது பழுது. வேலி முள்ளும் கிரவல் கல்லும் ஒரு மாதத்துக்குள் ரியூப்பைப் பதம் பார்த்துவிடும். காற்றுப் போனால் ஒட்டுப் போடும் கடை பெரும்பாலும் சந்தியில்தான். அதுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். போனாலும் காசு வேண்டும். அசுவெசும என்ற அரசின் நலன்புரிக் காசு வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் சைக்கிள் ரயர் முன்னுரிமை ஆகாது. தாவாரத்தில் தொங்கிய சில சைக்கிள்களுக்கு ஒரு ரியூப் மட்டும் தேவைப்பட்டது. “சைக்கிள் தந்தவங்க, மறுகா காத்துப் போனா ஆருட்ட போற?” என்று ஒரு தாய் கேட்டது நியாயமான கேள்வி. சாம்பியாத் திட்டத்தில் சைக்கிளோடு ஊர் மெக்கானிக்குக்குப் பயிற்சியும் மேற்பார்வைக் குழுவும் சேர்ந்தே போயின. அந்த 28 வீதத்தை மேற்கோள் காட்டுபவர்கள் மெக்கானிக்கை விட்டுவிடுகிறார்கள்.

சில வீடுகளில் சைக்கிள் அப்பாவோடு வயலுக்கும் அண்ணனோடு கூலி வேலைக்கும் போனது. நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் இதைத் ‘துஷ்பிரயோகம்’ என்று குறித்துக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டுக்கு வந்த பொருள் வீட்டுக்குப் பயன்படும். அந்த உழைப்பில்தான் பிள்ளையின் கொப்பியும் வாங்கப்படுகிறது. ஆனால் ‘மாணவிகளின் கல்வி’ என்ற தலைப்பின் கீழ் அதை எண்ணவும் கூடாது. வேறொரு நிரலில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சின்ன விடயம் ஒன்று. சங்கிலி மூடியில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக ஒட்டப்பட்டிருந்தது. பல சைக்கிள்களில் அது சுரண்டப்பட்டிருந்தது, ஆணியாலோ கத்தியாலோ. நன்கொடைச் சைக்கிள் என்று வகுப்பில் தெரியக்கூடாது என்ற பதினைந்து வயது ரோசம். எல் சல்வடோரில் டொம்ஸ் நிறுவனத்தின் இலவசச் சப்பாத்துகளைப் புரூஸ் வைடிக்கும் அவரது குழுவினரும் ஆராய்ந்தபோது, பெரிய முன்னேற்றம் எதுவும் தென்படாததோடு, சப்பாத்து பெற்ற பிள்ளைகள் குடும்பத்தின் தேவைகளை மற்றவர்கள் தர வேண்டும் என்று சொல்வது சற்றுக் கூடியிருந்தது. அந்த முடிவை வெளிவரவிட்டதும், பிறகு திட்டத்தை மாற்ற முன்வந்ததும் அந்த நிறுவனத்தின் நேர்மை. படுவான்கரைப் பிள்ளைகளிடம் தெரிந்தது நேரெதிர்: வாங்கியது வெளியே தெரியக்கூடாது என்ற எண்ணம். கொடுப்பவர் அளக்க வேண்டியவற்றில் இந்தக் கூச்சமும் ஒன்று.

கழித்தல் கணக்கு

எண்களை ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். திரும்பவும் சொல்கிறேன், இவை விளக்கத்துக்கு உருட்டியவை. கொடுத்தது 100. ஒரு வருடத்தில் ஓடாமல் கிடப்பவை, கைமாறியவை 20 என்றால் மிச்சம் 80. அதில் 20 முக்கியமாகப் பெரியவர்களிடம், மிச்சம் 60. அதில் 35 பஸ் வீதியில் அல்லது நடக்கும் தூரத்தில், மிச்சம் 25. அந்த 25இல் 10 பேர் எப்படியும் ஒழுங்காக வந்திருப்பார்கள். பாடசாலை வரவு என்ற ஒரே அளவுகோலில் நிற்பது 15. பின்னேர வகுப்புக்குப் போகத் தொடங்கியவர்களை வேறாகக் கூட்டலாம். அப்பாவின் வயற்பயணம் இன்னொரு நிரல்.

நிறுவனத்தின் ஆட்களுக்கு 15 என்ற எண் சுட்டது. ஆனால் அதே 100 சைக்கிளைத் தூரத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தால், அந்த 35இன் இடத்தில் உள்வீதி ஊர்ப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். ஒட்டுப் போடக் காசு ஒதுக்கியிருந்தால் முதல் 20இலும் ஒரு பகுதி ஓடியிருக்கும். செலவு பெரிதாகக் கூடாமலே 15 இரண்டு மூன்று மடங்காகியிருக்கும். 100ஐ மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

இதையெல்லாம் ரூபாயாக மாற்றி, போட்ட ஒரு ரூபாய்க்கு இத்தனை ரூபாய் சமூகப் பலன் என்று ஒரே எண்ணாகத் தரச் சொல்லி நிறுவனம் கேட்டது. சமூக முதலீட்டு வருவாய் என்ற அந்தக் கணிப்பு 1990களில் சன் பிரான்சிஸ்கோவின் ஆர்இடிஎஃப் என்ற அமைப்பில் உருவானது. எப்படியும் நடந்திருக்கும் பங்கையும், பிறர் பங்கையும், வருடத்துக்கு வருடம் தேயும் பலனையும் கழிக்கச் சொல்லும் ஒழுக்கம் அதில் நல்லது. ஆனால் ஒரு பிள்ளை பத்தாம் ஆண்டில் விலகாமல் நின்றதற்கு எத்தனை ரூபாய் போடுவது? எழுதுபவரின் ஊகத்துக்கேற்ப விடை ஏறி இறங்கும். 100 சைக்கிள் திட்டத்துக்கு அது வீண் அலங்காரம். நான்கு நிரல் கொண்ட ஒரு தாளே போதும் என்று மதிப்பீட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

இரண்டாம் சுற்று

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களைச் சராசரி இலாபத்தில் 2 வீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. 2021இலிருந்து பெருந்தொகை செலவிடுபவர்கள் பெரிய திட்டங்களுக்குச் சுயாதீனத் தாக்க மதிப்பீடும் செய்ய வேண்டும். இலங்கையில் அப்படிக் கட்டாயம் இல்லை. யாராவது பணிப்பாளர் சபையில் கேள்வி கேட்டால்தான் உண்டு.

இந்த நிறுவனம் கேட்டதற்குப் பயன் இருந்தது. அதிபர்களுக்கு இரண்டாம் கடிதம் ‘திறமையான’ என்ற சொல்லை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து பாடசாலைக்கு உள்ள தூரத்தையும் போன தவணை வரவையும் கேட்டது. வகுப்பாசிரியர்கள் கிராம உத்தியோகத்தரை வைத்துக்கொண்டு குளம், வாய்க்கால், பஸ் தரிப்பிடம் குறித்த கைப்படம் ஒன்று வரைந்தார்கள். பட்டியலில் ஆண் பிள்ளைகளும் சிலர் வந்தார்கள். கூலிக்குப் போய் இடைவிலகுவதில் அவர்கள்தான் முந்துகிறார்கள் என்று அதிபர் ஒருவர் வாதாடியதை மறுக்க முடியவில்லை. தகுதி பெற்றவர்கள் சைக்கிளைவிட அதிகமாக இருந்ததால், பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி, கிடைக்காதவர்களுக்கு அடுத்த வருடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இதனால் யாரையும் நிரந்தரமாக விலக்காமல் ஒப்பீட்டுக்கு ஒரு குழு தானாகக் கிடைத்தது. இடாப்பு எண்கள் சைக்கிள் வருவதற்கு முன்னரே எடுக்கப்பட்டன. சந்தியில் சைக்கிள் திருத்துபவரோடு ஒட்டுக்கு இவ்வளவு, ரயருக்கு இவ்வளவு என்று பேசி, மாதக் கணக்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்க்க ஏற்பாடு. அவருடைய பற்றுக் கொப்பியே எந்தச் சைக்கிள் ஓடுகிறது என்பதற்கும் பதிவாகிவிட்டது: ஒட்டுப் போட வராத சைக்கிள் பெரும்பாலும் ஓடாத சைக்கிள்.

திருத்தக் காசு ஒதுக்கியதால் சைக்கிள் 100இலிருந்து 80ஆகக் குறைந்தது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு கடைசிவரை இதற்கு இணங்கவில்லை. போன வருடத்தைவிடக் குறைவாகக் கொடுத்ததாகத் தெரியும் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலை பொய்யும் அல்ல. கடைசியில் பதாகையில் எண் எதுவும் போடாமல் விட்டார்கள். ஆண்டறிக்கையில் 80 அச்சானது. அதற்குக் கீழே ஒரு வருடத்துக்குப் பிறகு ஓடுபவை, உள்வீதி ஊர்ப் பிள்ளைகளின் வரவு, பின்னேர வகுப்பு, வீட்டாரின் பயன்பாடு என்று நான்கு நிரல்கள். முதல் வருடம் அவற்றை வெறுமையாக விட்டு, எந்த மாதம் நிரப்பப்படும் என்று மட்டும் குறித்திருந்தார்கள்.